மின்சாரம் நின்றதைக் கணிப்பொறிக்கு யார் சொல்வது?

பிழைப்பு நாடிப் பெங்களூருக்கு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் முன்னாளில் வீட்டுக்கொரு தகரப் பெட்டி இருந்தது. ஊர் நிலத்தின் பத்திரம், பிள்ளைகளின் பிறப்புச் சான்று, பள்ளி மாற்றுச் சான்றிதழ், தந்தையார் வேலை பார்த்த ஆலையின் சேவைக் குறிப்பு, குடும்ப அட்டை ஆகிய யாவும் அதனுள் அடங்கியிருக்கும். அப்பெட்டியின் பணியை இன்று பெரும்பாலும் கணிப்பொறி ஏற்றுக்கொண்டுவிட்டது. காகிதங்களைப் படம்பிடித்து அதிற் சேர்த்து வைக்கிறோம். மகளின் கல்லூரிக் கட்டுரை, மகனின் வேலை விண்ணப்பம், சங்கத்தின் உறுப்பினர் பட்டியல், மாலை வகுப்பு மாணவர்களின் மதிப்பெண், உதவி நிதியின் வரவு செலவு ஆகியனவும் அதனுள்ளேயே இருக்கின்றன. தகரப் பெட்டிக்கு ஒரு பூட்டுப் போதும். கணிப்பொறிக்கோ மின்சாரம் வேண்டும். அம்மின்சாரம் சொல்லாமற் கொள்ளாமல் நின்றுவிடும்போது, எழுதிக்கொண்டிருந்தது அரைகுறையாய் நின்றுபோகும்.

இம்மாதம் நாம் எடுத்துக்கொண்ட பொருள் இதுவே. மின்சாரம் நின்ற செய்தியைக் கணிப்பொறி தானாகவே அறிந்து, கைவேலையை ஒழுங்காக முடித்து, தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும்படியான எளிய ஏற்பாடு ஒன்றை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். நாம் இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றுகிறோம்; பள்ளியிறுதிக்கு மேற் பயின்றோமில்லை. ஆயினும் இருப்புப் பாதையில் ஒன்றரை நூற்றாண்டாக வழங்கி வரும் நெறி ஒன்றை அறிந்தவர்க்கு இவ்வேற்பாடு விளங்காமற் போகாது. அந்நெறியையும், அதனை வீட்டிற் பயன்படுத்தும் வகையையும் இங்கே காண்போம்.

பெங்களூரும் மின்சாரமும்

மின்சாரத்திற்கும் இவ்வட்டாரத்துத் தமிழருக்கும் பழைய தொடர்பு உண்டு. மைசூர் சமஸ்தானத்தில் சேஷாத்ரி ஐயர் திவானாக இருந்த காலத்தில், காவிரியின் சிவசமுத்திர அருவியில் மின் உற்பத்தித் திட்டம் தொடங்கப்பெற்றது. 1902-ஆம் ஆண்டு அங்கிருந்து முதன் முதலாக மின்சாரம் சென்ற இடம் பெங்களூர் அன்று. கோலார் தங்கவயலே ஆகும். ஏறத்தாழ 92 மைல் நீளமுடைய அம்மின்கம்பிப் பாதை அக்காலத்தில் உலகின் மிக நீண்ட பாதைகளுள் ஒன்றாகத் திகழ்ந்தது. அத்தங்கவயலின் சுரங்கங்களில் உழைத்தவருட் பெரும்பாலோர் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களினின்று வந்த தமிழ்த் தொழிலாளரே. பெங்களூர்த் தெருவிளக்குகள் மின்சாரத்தால் ஒளிபெற்றது அதற்கு மூன்றாண்டுகள் கழித்து, 1905 ஆகஸ்டு 5-ஆம் நாளன்றுதான்.

அன்று தொட்டு இன்றுவரை நகரம் பன்மடங்கு பெருகிவிட்டது. மின்சாரம் நிற்பது மட்டும் நின்றபாடில்லை. சித்திரை, வைகாசி மாதங்களில் மாலை நேரத்துக் கோடைமழை காற்றோடு வரும்போது, சாலையோரத்து மரக்கிளைகள் முறிந்து கம்பிகளின் மேல் விழுகின்றன. தெருமுனை டிரான்ஸ்பார்மரில் பியூஸ் போகிறது. பழுதுபார்ப்பதற்காக முன்னறிவிப்புடன் நிறுத்துவதும் உண்டு. பெஸ்காம் நிறுவனத்தின் 1912 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியிற் பேசி முறையிடலாம். ஆயினும் லைன்மேன் வந்து கம்பியைச் சரிசெய்யும் வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

சில வேளைகளிற் காரணம் நம் தெருவில் இல்லாமல் நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் இருத்தலும் கூடும். 2012 ஜூலை 30, 31 ஆகிய இரு நாள்களில் வட இந்தியாவின் மின்தொகுப்பு நிலைகுலைந்தது. இரண்டாம் நாள் கிழக்கு, வடகிழக்குத் தொகுப்புகளும் உடன் வீழ்ந்தன. 60 கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் பகுதிகள் மின்சாரமின்றித் தவித்தன. தென்னகத் தொகுப்பு அன்று அவற்றோடு ஒரே ஓட்டத்தில் இணைக்கப்படாதிருந்தமையால் நாம் தப்பினோம். 2013 டிசம்பர் 31-ஆம் நாள் இரெய்ச்சூர் – சோலாப்பூர்ப் பாதை வழியாக அவ்விணைப்பும் ஏற்பட்டுவிட்டது. இவ்விணைப்பால் நன்மைகள் பல உண்டு. எனினும் மின்சாரம் எந்நேரமும் நிற்கக்கூடும் என்று எண்ணி நடப்பதே விவேகம்.

அரைகுறைக் கணக்கு

மின்சாரம் திடீரென நின்றால் கணிப்பொறிக்கு என்ன கேடு? விளக்கு அணைகிறது, மீண்டும் எரிகிறது. அதுபோல் இதுவும் ஆகாதோ என வினவலாம்.

நம் பழைய கடைக் கணக்கர்களை நினைத்துப் பாருங்கள். அவர் அன்றன்று நடப்பதைச் சிட்டாவில் எழுதுவார்; பிறகு பேரேட்டில் உரியவர் பெயரின் கீழ்ப் பதிவார். ஒருவர் கணக்கிற் பற்று எழுதிவிட்டு, மற்றவர் கணக்கில் வரவு எழுதுமுன் கையைப் பிடித்து இழுத்துவிட்டால், அப்பேரேடு ஒவ்வாது. கணிப்பொறியும் அவ்வாறே. நாம் ‘சேமி’ என்று கட்டளையிட்டவுடன் யாவும் வட்டில் எழுதப்பட்டுவிடுவதில்லை. சில நொடிகள் தற்காலிக நினைவகத்தில் தங்கி, பின்னரே வட்டுக்குச் செல்கின்றன. எந்தக் கோப்பு எவ்விடத்தில் உள்ளது என்னும் பட்டியலையும் உடனுக்குடன் திருத்த வேண்டியிருக்கிறது. இதற்கிடையில் மின்சாரம் நின்றால், கோப்பு பாதியும் பட்டியல் பாதியுமாய் நின்றுபோகும்.

இக்காலத்துக் கணிப்பொறிகள் சிட்டா முறையைத் தாமும் கைக்கொண்டுள்ளன. செய்யப்போகும் மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, பிறகே பேரேட்டைத் திருத்துகின்றன. ஆதலால் பட்டியல் முழுவதும் சிதைந்துபோவது முன்னைவிட அரிதாகிவிட்டது. ஆனால் திறந்து வைத்து எழுதிக்கொண்டிருந்த அந்த ஒரு கோப்பு பாழாகாது என்பதற்கு அச்சிட்டா உறுதி தருவதில்லை.

நம் பகுதியில் நிகழ்ந்த ஒன்றைச் சொன்னால் இதன் கொடுமை விளங்கும். கூலி வேலை செய்யும் குடும்பங்கள் சில கூடி, சாவு நேர்ந்த வீட்டிற்கு உதவ ஒரு நிதி நடத்தி வந்தனர். மாதந்தோறும் செலுத்திய சந்தா யாவும் பொருளாளர் வீட்டுக் கணிப்பொறியில் ஒரே கோப்பில் இருந்தன. கோடைமழை நாளொன்றில், கணக்கு எழுதிக்கொண்டிருக்கையில் மின்சாரம் போயிற்று. மறுநாள் அக்கோப்புத் திறக்கவில்லை. அடுத்த வாரமே கணவனை இழந்த அம்மையார் ஒருவர் உதவி கேட்டு வந்தார். அவர் வீட்டார் சந்தா கட்டியவர் என்பது எல்லார்க்கும் தெரியும். எத்தனை மாதம் என்பதைக் காட்டக் கணக்கில்லை. நிதியின் விதிப்படி அதற்கேற்பவே தொகை. முடிவில், பெண்கள் அடுக்களை டப்பாவில் போட்டு வைத்திருந்த இரசீதுத் துண்டுகளைத் திரட்டி, மூன்று மாதம் பாடுபட்டுக் கணக்கை மீட்டார்கள். அம்மையார்க்கு உரிய பணம் வந்து சேர்ந்தது. ஆனால் அடக்கத்திற்கு வாங்கிய கடனுக்கு அதற்குள் வட்டி ஏறிவிட்டது.

யு.பி.எஸ். செய்வதும் செய்யாததும்

‘யு.பி.எஸ். வாங்கி வைத்தால் போதாதா?’ என்பர் சிலர். அது வேண்டியதே; ஆயினும் பாதி வேலைதான் செய்யும்.

நம் சுவரில் வரும் மின்சாரம் 230 வோல்ட். நொடிக்கு 50 சுற்று. அஃதாவது ஒரு சுற்றுக்கு ஒரு நொடியின் ஐம்பதில் ஒரு பங்கு, 20 மில்லிநொடி ஆகிறது. கணிப்பொறியினுள் உள்ள மின்வழங்கி, வெளி மின்சாரம் நின்ற பின்னும் ஏறத்தாழ 16 மில்லிநொடி தாக்குப் பிடிக்கும்படி செய்யப்பட்டது. சாதாரண யு.பி.எஸ். பொதுவாக 10 மில்லிநொடிக்குள் பாட்டரிக்கு மாறிவிடும். ஆகவே கணிப்பொறி அம்மாற்றத்தை உணர்வதேயில்லை.

சிறிய யு.பி.எஸ்.ஸில் இருக்கும் பாட்டரி பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி அளவினது. இரண்டையும் பெருக்கினால் 84 வாட்-மணி. கணிப்பொறியும் திரையும் சேர்ந்து 120 வாட் இழுத்தால், ஏட்டுக் கணக்கின்படி 42 நிமிடம் வரவேண்டும். ஆனால் இவ்வளவு வேகமாக இழுக்கையிற் பாட்டரி தன் முழு அளவையும் தாராது. மாற்றும் கருவியும் ஒரு பங்கை விழுங்கும். புதிய பாட்டரியிலேயே கால் மணிக்குச் சற்று முன்பின் என்று கொள்வதே தகும். இரண்டு மூன்று ஆண்டுகள் சென்றபின் அதுவும் சில நிமிடமாகக் குறுகிவிடும்.

அக்கால் மணிக்குள் யாரேனும் வந்து கணிப்பொறியை அணைத்தாக வேண்டும். யு.பி.எஸ். ‘கீக் கீக்’ என்று கத்துகிறது. வீட்டார் வேலைக்கும் பள்ளிக்கும் போயிருந்தால், அல்லது நள்ளிரவில் உறங்கிக்கொண்டிருந்தால், அக்கூக்குரலைக் கேட்பவர் யார்? விலை மிகுந்த யு.பி.எஸ்.களிற் கணிப்பொறியோடு பேசும் கம்பி உண்டு. அத்தகையதை உடையவர்கள் அதற்குரிய நிரலை நிறுவிக்கொண்டாற் போதும். ‘நட்’, ‘ஏ.பி.சி.யு.பி.எஸ்.டி.’ என்னும் இலவச நிரல்களும் இதற்கென உள்ளன. நம்மிற் பலரிடம் இருப்பதோ விலை குறைந்த, வாய் மட்டும் உடைய யு.பி.எஸ். அதன் செய்தியைக் கணிப்பொறிக்குச் சொல்ல ஒரு காவலாள் வேண்டும்.

இருப்புப் பாதை கற்பிக்கும் நெறி

இனி, மேலே கூறிய இருப்புப்பாதை நெறிக்கு வருவோம். தண்டவாளத்தின் ஒரு பகுதியில் வண்டி நிற்கிறதா இல்லையா என்பதை அறிய, அமெரிக்காவில் வில்லியம் ராபின்சன் என்பார் மின்சாரத்தைப் பயன்படுத்தினார். முதலில் அவர் செய்த அமைப்பில், வண்டி வந்தால் மின்சுற்று மூடிக்கொண்டு செய்தி வரும். வண்டி இல்லாதபோது மின்னோட்டம் இராது. இதில் ஒரு பெருங்குறை இருந்தது. கம்பி அறுந்துபோனாலும், பாட்டரி தீர்ந்துபோனாலும், ‘வண்டி இல்லை, வழி திறந்திருக்கிறது’ என்றே கருவி காட்டும். அஃது உயிருக்கு உலை வைக்கும் பொய்யன்றோ?

ஆகவே 1872-இல் அவர் அதைத் தலைகீழாக மாற்றி உரிமம் பெற்றார். புதிய அமைப்பில் எப்போதும் தண்டவாளத்தின் வழியே மெல்லிய மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும். அவ்வோட்டம் ‘ரிலே’ என்னும் சிறு காந்தக் கருவியை இழுத்துப் பிடித்திருக்கும். பிடித்திருக்கும் வரை வழி சரி. வண்டி ஏறினால் அதன் சக்கரங்கள் மின்னோட்டத்தைத் தம் வழியே திருப்பிவிடும், ரிலே விழும், கைகாட்டி ஆபத்தைக் காட்டும். கம்பி அறுந்தாலும், பாட்டரி தீர்ந்தாலும், தண்டவாளம் முறிந்து சுற்று அறுந்தாலும் ரிலே விழும். கைகாட்டி ஆபத்தையே காட்டும். பழுது எதுவாயினும் வண்டி நிற்கும், மோதாது. அதே 1872-இல் வெஸ்டிங்ஹவுஸ் அமைத்த தானியங்கிக் காற்றுப் பிரேக்கும் இந்நெறியினதே. குழாயில் காற்றழுத்தம் இருக்கும் வரை பிரேக் விலகியிருக்கும். குழாய் அறுந்தால் தானே பற்றிக்கொள்ளும்.

இதனை நம் வீட்டுக் காவலாளுக்குப் பொருத்துவோம். ‘மின்சாரம் நின்றுவிட்டது’ என்று ஒரு கருவி வந்து சொல்லட்டும் எனக் காத்திருத்தல் கூடாது. சொல்லவேண்டிய கருவியே பழுதுபட்டிருந்தால் என் செய்வது? ‘மின்சாரம் இருக்கிறது, இருக்கிறது’ என்று அஃது இடைவிடாமற் சொல்லிக்கொண்டிருக்கட்டும். அச்சொல் நின்றுபோனால், மின்சாரம் நின்றதென்றே கொள்ளுக. வீட்டில் செய்யும் எந்த ஏற்பாடும் இந்நெறியைப் பின்பற்றினால்தான் நம்பத்தக்கது.

முதல் வழி: பழைய ரூட்டர்

கையில் எவ்வித வேலைப்பாடும் வேண்டாதது இவ்வழி. இணையத் தொடர்புக்கென முன்பு வாங்கிய பழைய ரூட்டர் ஒன்று பல வீடுகளிற் பரண்மேற் கிடக்கும். அதனை எடுத்து, யு.பி.எஸ்.ஸில் செருகாமல், நேரே சுவர்ச் சாக்கெட்டிற் செருகுக. இதுவே காவலாள். இப்போது பயன்படும் ரூட்டரும் கணிப்பொறியும் யு.பி.எஸ்.ஸில் இருக்கட்டும். காவலாளை ஒரு கம்பியால் இப்போதைய ரூட்டரோடு இணைத்து, அதற்குத் தனி முகவரி எண் ஒன்று கொடுத்து, முகவரி வழங்கும் வேலையை மட்டும் அதில் நிறுத்திவிடவேண்டும். இல்லையேல் இரு ரூட்டர்களும் ஒரே வேலைக்குப் போட்டியிட்டுக் குழப்பம் விளையும்.

பின்னர்க் கணிப்பொறி பத்து நொடிக்கு ஒருமுறை காவலாளை ‘உளனோ?’ என்று கேட்கவேண்டும். இதற்குப் ‘பிங்’ என்னும் கட்டளை எல்லாக் கணிப்பொறிகளிலும் உண்டு. விடை வந்துகொண்டிருக்கும் வரை மின்சாரம் உண்டு. தொடர்ந்து பன்னிரண்டு முறை, அஃதாவது இரண்டு நிமிடம், விடை வாராவிடில் மின்சாரம் நின்றதென்று முடிவு செய்து அணையவேண்டும். கல்லூரியிற் பயிலும் நம் பிள்ளைகள் பைத்தான் மொழியில் இருபது வரிக்குள் இந்நிரலை எழுதிவிடுவர்.

ஓர் ஐயம் எழும்: மின்சாரம் நில்லாமல், இடையிலுள்ள கம்பி கழன்றிருந்தால்? இரண்டாம் சாட்சியாக, யு.பி.எஸ்.ஸில் உள்ள ரூட்டரையும் கேட்கும்படி செய்க. அது விடை தந்து காவலாள் மட்டும் வாய்மூடியிருந்தால், மின்சாரம் நின்றது என்பது பெரும்பாலும் உறுதி. இரண்டும் விடை தாராவிட்டால், பழுது கம்பியில் இருக்கலாம். அப்போது திரையில் எச்சரிக்கை காட்டி, ஐந்து நிமிடத்திற்குள் எவரும் மறுமொழி தாராவிடில் அணைந்துவிடுதலே நலம். வீணாக ஒருமுறை அணைவதால் வரும் நட்டம் சிறிது. அணையவேண்டிய போது அணையாமையால் வருவது பெரிது.

இரண்டாம் வழி: சார்ஜரும் ரிலேயும்

சிறிது கைவேலை தெரிந்தவர்க்கு இவ்வழி உரியது. வேண்டிய பொருள்கள்: பழைய கைபேசிச் சார்ஜர் ஒன்று, 5 வோல்ட் சுருளுடைய சிறு ரிலே ஒன்று, டயோடு ஒன்று, யு.எஸ்.பி.யிலிருந்து 9 ஊசி சீரியலுக்கு மாற்றும் கம்பி ஒன்று. இவையாவும் எஸ்.பி. சாலைக் கடைகளிற் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்.

சார்ஜரைச் சுவர்ச் சாக்கெட்டிற் செருகி, அதினின்று வரும் 5 வோல்ட்டை ரிலேயின் சுருளுக்குக் கொடுக்கவேண்டும். மின்சாரம் உள்ளவரை சுருள் காந்தமாகி ரிலேயின் தகட்டை இழுத்துப் பிடித்திருக்கும். டயோடைச் சுருளின் குறுக்கே, வெள்ளைக் கோடுள்ள முனை நேர்மின் பக்கம் இருக்குமாறு வைத்துப் பற்றவைக்க வேண்டும். மின்சாரம் நிற்கும் கணத்திற் சுருளிலிருந்து கிளம்பும் எதிர்மின்னழுத்தத்தை அது தாங்கிக்கொள்ளும்.

ரிலேயின் மறுபக்கத்தில் மூன்று முனைகள் உண்டு. ஒன்று பொது முனை. மற்றொன்று, சுருளில் மின்சாரம் இல்லாதபோது அதனோடு சேர்ந்திருப்பது. பிறிதொன்று, சுருளில் மின்சாரம் உள்ளபோது மட்டும் அதனோடு சேர்வது. இங்கேதான் ராபின்சனின் நெறியை நினைவு கூரவேண்டும். நாம் பயன்படுத்தவேண்டியவை பொது முனையும், மின்சாரம் உள்ளபோது மட்டும் சேரும் முனையுமே. அவ்விரண்டையும் சீரியல் கம்பியின் 7-ஆம் ஊசிக்கும் 8-ஆம் ஊசிக்கும் இணைத்திடுக. நிரல் 7-ஆம் ஊசியில் மின்னழுத்தம் வைக்கும். 8-ஆம் ஊசியில் அது வந்து சேர்கிறதா என்று பார்க்கும். சேர்ந்தால் மின்சாரம் உண்டு. மின்சாரம் நின்றாலும், சார்ஜர் கெட்டாலும், கம்பியை எலி கடித்தாலும், அச்செய்தி வந்து சேராது. கணிப்பொறி எச்சரிக்கை அடையும். இதற்கு மாறான முனையைத் தேர்ந்துகொண்டால், கம்பி அறுந்த நாள் முதல் ‘மின்சாரம் நலமே’ என்று கணிப்பொறி நம்பிக்கொண்டிருக்கும். வேண்டிய நாளில் ஏற்பாடு கைவிடும்.

இம்முறையில் 230 வோல்ட் மின்சாரம் சார்ஜரைத் தாண்டி வெளியே வருவதில்லை. அதனாலேயே இதனை வீட்டில் செய்யத் துணிகிறோம். சார்ஜரைத் திறப்பதோ, சுவர்ச் சாக்கெட்டிலிருந்து நேரே கம்பி இழுப்பதோ எக்காரணத்தாலும் கூடாது. அது தேர்ந்த எலக்ட்ரீஷியன் கைவேலை. ஆர்வமுள்ள சிறுவர்க்கு உரியதன்று.

மடிக்கணினி உடையவர்க்கு இத்துணைத் தொல்லையும் இல்லை. அதற்குத் தன் பாட்டரியே யு.பி.எஸ்.; மின்சாரம் நின்றதும் தானே அறியும். பாட்டரி குறைந்தால் தானே உறங்கும்படி அதன் அமைப்பில் குறித்து வைத்தால் போதும். சங்கக் கணக்கைப் பாட்டரி நல்ல நிலையிலுள்ள பழைய மடிக்கணினி ஒன்றில் வைப்பதும் நல்வழியே.

இடம் அறிந்து செருகுதல்

இவ்விரு வழிகளிலும் காவலாளைச் செருகும் இடம் முக்கியம். பெங்களூரில் பல வீடுகளில் விளக்குக்கும் விசிறிக்கும் இன்வெர்ட்டர் வைத்திருக்கிறார்கள். இன்வெர்ட்டரோடு இணைந்த சாக்கெட்டிற் காவலாளைச் செருகினால், தெருவே இருண்டாலும் அவன் ‘மின்சாரம் உண்டு’ என்றே சொல்லிக்கொண்டிருப்பான். மூன்று பேஸ் மின்சாரம் வரும் வீடுகளில், ஒரு பேஸ் மட்டும் போய் மற்ற அறைகளில் விளக்கு எரிவதைப் பார்த்திருப்பீர்கள். ஆகவே யு.பி.எஸ். எந்தச் சாக்கெட்டிலிருந்து மின்சாரம் பெறுகிறதோ, அதே சாக்கெட் வரிசையிலேயே காவலாளும் இருத்தல் வேண்டும்.

அடுக்குமாடி வீடுகளில் ஜெனரேட்டர் இயங்கத் தொடங்குமுன் சில நொடி இருள் உண்டு. சிமிட்டல் போலச் சில வேளை மின்சாரம் போய் வருவதும் உண்டு. அதற்கெல்லாம் கணிப்பொறி அணைந்து கொண்டிருந்தால் வீட்டார் வெறுத்து இவ்வேற்பாட்டையே கழற்றி எறிந்துவிடுவர். அதனாலேயே இரண்டு நிமிடப் பொறுமை கூறினோம். பாட்டரி பழையதாகி ஐந்து நிமிடமே தாங்குமானால், பொறுமையை ஒரு நிமிடமாகக் குறைத்துக்கொள்க. அணைவதற்கும் ஓரிரு நிமிடம் தேவை என்பதை மறத்தலாகாது.

அணையும்போது மற்றொரு தடையும் வரும். சேமிக்காத கோப்புத் திறந்திருந்தால், ‘சேமிக்கட்டுமா?’ என்று கணிப்பொறி கேட்டுக்கொண்டே நின்றுவிடும். பதில் சொல்ல ஆளில்லாமற் பாட்டரி தீர்ந்துபோகும். கட்டாயப்படுத்தி அணைத்தாலோ, சேமிக்காதது போய்விடும். ஆதலின், அணைப்பதற்குப் பதிலாக ‘ஹைபர்னேட்’ என்னும் உறக்கத்தைத் தேர்ந்துகொள்ளலாம். நினைவகத்தில் உள்ள யாவற்றையும் அப்படியே வட்டில் எழுதிவிட்டுக் கணிப்பொறி முற்றும் அணையும். மீண்டும் எழுப்பினால், விட்ட இடத்திலேயே கோப்புத் திறந்திருக்கும். அதனோடு, எழுதும் நிரலில் சில நிமிடத்திற்கு ஒருமுறை தானே சேமிக்கும்படி குறித்து வைப்பதும் நன்று.

மின்சாரம் திரும்பியவுடன் கணிப்பொறி தானே விழித்தெழவேண்டும் என்று ஆசைப்படவேண்டா. போன மின்சாரம் திரும்பி வந்து மீண்டும் போவது நம் ஊரில் வழக்கம். பாட்டரியோ அப்போது வற்றியிருக்கும். கால் மணி சென்றபின் கையால் எழுப்புவதே வீட்டுக்கு ஏற்றது.

சோதனை இல்லாத காவல் காவலன்று

இருப்புப் பாதையிற் சமிக்ஞைக் கருவிகளை நாள் குறித்துச் சோதிப்பர். சோதித்ததைப் பதிவேட்டில் எழுதுவர். வீட்டிலும் அவ்வாறே செய்தல் வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காவலாளின் பிளக்கை மட்டும் கழற்றுக. சொன்ன நேரத்தில் கணிப்பொறி அணைகிறதா என்று கடிகாரம் வைத்துப் பார்த்திடுக. மூன்று மாதத்திற்கு ஒருமுறை யு.பி.எஸ்.ஸின் பிளக்கையும் சேர்த்துக் கழற்றி, அணைந்து முடியும் வரை பாட்டரி தாங்குகிறதா என்று காண்க. சோதனைக்கு முன் கோப்புகளை எல்லாம் மூடிவிடுக. தாங்காவிட்டால் புதுப் பாட்டரி வாங்கும் நேரம் வந்துவிட்டது. நாளையும் நிமிடத்தையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, கணிப்பொறிக்கு அருகிலேயே வைத்திடுக. வீட்டில் உள்ள பெரியவர்க்கும் பிள்ளைகளுக்கும் அக்காவலாள் எது, அதன் பிளக்கை ஏன் கைபேசிக்காகக் கழற்றக்கூடாது என்பதைச் சொல்லி வைத்தல் வேண்டும். ஒரு சீட்டில் எழுதி அதன்மேல் ஒட்டிவைத்தால் இன்னும் நன்று.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இவ்வேற்பாடு எதுவும் மற்றொரு பிரதி எடுத்து வைப்பதற்கு ஈடாகாது. வட்டு தானே கெடுவதுண்டு, திருட்டும் உண்டு. வாரம் ஒருமுறை கணக்கையும் சான்றுகளையும் பென் டிரைவ் ஒன்றில் எடுத்து, வேறொருவர் வீட்டில் வைப்பது சங்கங்களுக்கு இன்றியமையாதது. சந்தா கட்டுவோர்க்குக் காகித இரசீது கொடுக்கும் பழக்கத்தையும் கைவிடவேண்டா.

‘வெள்ளம் வருமுன் அணை போடு’ என்பது பழமொழி. கோடைமழைக்கு இன்னும் நாள் இருக்கிறது. சங்கங்களின் காரியதரிசிகளும் பொருளாளர்களும் தத்தம் வீட்டில் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்ப்பார்களாக: எல்லார்க்கும் உரிய கணக்கு எந்தக் கணிப்பொறியில் இருக்கிறது? ஆளில்லாத வேளையில் மின்சாரம் நின்றால் அதனிடம் யார் சொல்வது? சொல்வதற்கென வைத்த கருவி கெட்டுப்போனால் என்ன ஆகும்? மூன்றாம் கேள்விக்கு ‘அப்போதும் அணையும்’ என்ற விடை வருமானால், அந்த ஏற்பாடு நல்ல ஏற்பாடு. கருவி செய்யத் தெரிந்த இளைஞர்கள், தெரியாத வீடுகளுக்கு ஒரு விடுமுறை நாளிற் சென்று இதனை அமைத்துக் கொடுத்தால், அவ்வீட்டாரின் பத்திரமும் பிள்ளைகளின் சான்றிதழும் நிதியின் கணக்கும் பத்திரமாயிருக்கும்.